கோப்பு முறைமைகளின் வேகத்தை அளந்த கதை

வன்தட்டில் கோப்புகளை எங்கே வைப்பது, கேட்டால் எப்படி எடுத்துத் தருவது என்பதைக் கவனித்துக்கொள்வது கோப்பு முறைமை என்னும் மென்பொருள். இரண்டு கோப்பு முறைமைகளில் எது வேகமானது? உண்மையான பயனர்களின் வேலையை வைத்து அளந்தால் ஒருநாள் போல் மறுநாள் இருக்காது. அதனால் உண்மையான வேலையைப் போல நடிக்கும் ஒரு நிரலை ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிடுவார்கள். இதுதான் செயற்கை வேலைப்பளு.

இதில் புகழ்பெற்றது ஆண்ட்ரூ சோதனை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைமையை அளக்க எழுதப்பட்டு, 1988-ல் வெளியான கட்டுரையில் விவரிக்கப்பட்டது. (ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் இருவர் நினைவாக வந்த பெயர்.) அடைவுகளை உருவாக்குவது, கோப்புகளை நகலெடுப்பது, அவற்றின் விவரங்களைப் பார்ப்பது, முழுவதும் படிப்பது, கடைசியில் நிரலைத் தொகுப்பது என்று ஐந்து கட்டங்கள். மொத்தம் சுமார் 70 கோப்புகள், 200 கிலோபைட். அன்றைய நிரலாளர் ஒருவரின் வேலைக்கு அது நல்ல மாதிரி.

பிறகு டிம் பிரே எழுதிய பானி வந்தது. அது ஒரே பெரிய கோப்பை எழுதிப் படித்துப் பார்க்கும். 1997-ல் நெட்வொர்க் அப்ளையன்ஸ் நிறுவனத்தின் ஜெஃப்ரி காட்சர் போஸ்ட்மார்க்கை வெளியிட்டார். மின்னஞ்சல் வழங்கிகளில் சிறு கோப்புகள் ஏராளமாகத் தோன்றி விரைவில் அழிகின்றன. அதை நடித்துக் காட்டியது போஸ்ட்மார்க். மாற்றாமல் ஓட்டினால் 500 கோப்புகள், 500 செயல்கள்.

சிக்கல் நினைவகத்தில் இருந்தது. ஒருமுறை படித்த கோப்பை இயங்குதளம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வன்தட்டுப் பக்கமே போகாது. நினைவகம் வளர வளர, 200 கிலோபைட்டும் 500 சிறு கோப்புகளும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. வன்தட்டின் வேகம் என்று நினைத்து நினைவகத்தின் வேகத்தை அளக்கும் நிலை வந்தது.

2008-ல் ட்ரேகர், ஸடோக் முதலியோர் 106 ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த 415 சோதனைகளை அலசினார்கள். பிரபலமான சோதனைகளில் பெரும்பாலானவை குறையுள்ளவை என்பது அவர்கள் முடிவு. 2011-ல் ஸடோக்கும் வேறு சிலரும் 512 மெகாபைட் நினைவகம் உள்ள கணினியில் ஒரே கோப்பு முறைமையைச் சோதித்தார்கள். கோப்பின் அளவு 384-லிருந்து 448 மெகாபைட்டுக்கு ஏறியதும் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக விழுந்தது. கோப்பு முறைமை மாறவில்லை, வன்தட்டும் மாறவில்லை. கோப்பு நினைவகத்தில் அடங்காமல் போனது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆக, புதிய கோப்பு முறைமை இத்தனை மடங்கு வேகம் என்று யாராவது சொன்னால், எவ்வளவு பெரிய கோப்பு, எவ்வளவு நினைவகம் என்று முதலில் கேட்க வேண்டும். அது தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.