அசைவூட்டப் படங்களில் அச்சமும் வளர்பருவமும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவை ஒவ்வொன்றும் தோன்றுதற்கு நந்நான்கு நிலைக்களன்களைக் கூறினார். அச்சத்திற்கு அவர் வகுத்தவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. இறை என்பதற்கு அரசரோடு தந்தையரையும் ஆசிரியரையும் சேர்த்துப் பொருள் கொள்வர் உரையாசிரியர். இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன என்பது கருதத்தக்கது. கார்ட்டூன் படம் என்று மக்கள் வழங்கும் அசைவூட்டப் படத்தின் வரலாற்றை இவ்விலக்கணத்தைக் கொண்டு நோக்கினால், புறத்தே நின்ற அச்சம் மெல்ல மெல்லக் குழந்தையின் நெஞ்சினுள் குடிபுகுந்தமை புலப்படும்.

வால்ட் டிஸ்னி 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்னோ ஒயிட்' அவர் நிறுவனத்தின் முதல் முழுநீளப் படமாகும். அதில் அச்சந்தருபவள் பொறாமை கொண்ட அரசி. 1942இல் வந்த 'பாம்பி'யில் மான்கன்றின் தாயை வேடனின் குண்டு வீழ்த்துகிறது. பகை வெளியே இருந்தது. அதனை வென்றோ, அதனின்று தப்பியோ சிறுவர் வளர்ந்தனர்.

மலேசியாவின் முதல் அசைவூட்டப் படமும் இந்நெறியிலேயே பிறந்தது. பிலிம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் 1978இல் உருவாக்கிய 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' 1983இல் தொலைக்காட்சியில் ஒளியேறியது. தமிழ் மாணாக்கர் அறிந்திருக்க வேண்டிய பெயர் அவருடையது. சாங் கஞ்சில் என்பது மலாய் நாட்டுப்புறக் கதைகளில் உலவும் சருகுமான். புலியும் முதலையும் திரியும் காட்டில், உடல் வலிமையற்ற அச்சிறு விலங்கு அறிவினால் பிழைத்துக்கொள்ளும். பஞ்சதந்திரத்து முயல் சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அது புதியதன்று.

காட்டிலிருந்து கம்பத்திற்கு வந்தது அடுத்த நிலை. 1995இல் ஒளிபரப்பான 'ஊசோப் சொந்தோரியான்' நாட்டின் முதல் அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர். அதன் களம் ஜொகூர் மாநிலத்துக் கம்போங் பாரிட் சொந்தோ. பல இனச் சிறுவர் கூடித் திரியும் அத்தொடரில் விலங்குகளின் இடத்தை மனிதப் பிள்ளைகள் பெற்றனர். பின்னர், ஓவியர் லாட் 1979இல் வெளியிட்ட நூலைத் தழுவிக் 'கம்போங் பாய்' தொடர் உருவாயிற்று. அதன் ஒரு பகுதி 1999இல் பிரான்சு நாட்டின் அன்னெசி அசைவூட்டப் பட விழாவில் பரிசு பெற்றது. அப்பகுதி அச்சமூட்டும் ஓர் ஆலமரத்தைப் பற்றியது. தொல்காப்பியர் கூறிய அணங்கு, மலேசியக் கம்பத்து மரத்திலும் குடியிருந்தது போலும்! தோட்டப்புறத்தில் முனிக்கு அஞ்சி அந்திக்குப் பின் மரத்தடியைத் தவிர்த்த தமிழ்ச் சிறுவர்க்கும் அவ்வச்சம் அயலானதன்று.

2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரில் அச்சத்தினும் ஆழமான ஒன்று அமைந்தது. அதன் தலைமக்களாகிய ஐந்து வயது இரட்டையர் பெற்றோரை இழந்தவர்கள். எனினும் தொடர் அவலச்சுவையில் ஆழ்வதில்லை. பாட்டியும் தமக்கையும் அவர்களைப் பேணுகின்றனர். முத்துவின் கடையும், அவர் மகன் ராஜுவின் தோழமையும் அவர்களுக்கு உண்டு. இழப்பைச் சுற்றத்தார் பகிர்ந்து சுமக்கின்றனர். மலேசியப் படைப்பாளர் கண்ட விடை இது.

அச்சத்திற்குப் புறக்காரணமே இல்லாத நிலையைச் சித்திரித்தவருள் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி குறிப்பிடத்தக்கவர். 1989இல் வெளிவந்த அவரது 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தில், பதின்மூன்று வயதுச் சூனியக்காரச் சிறுமி கிகி வீட்டைவிட்டு அயலூர் சென்று பொதி சேர்க்கும் தொழில் செய்கிறாள். ஒருநாள் அவளுடைய பறக்கும் ஆற்றல் மறைந்துவிடுகிறது. எதிரி எவரும் அதனைப் பறிக்கவில்லை. தன்னம்பிக்கை தளர்ந்ததே காரணம்.

அந்நெஞ்சகத்தையே கதைக்களமாக்கியது, பிக்ஸார் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'இன்சைட் அவுட்'. ஊர் மாறிய ரைலி என்னும் பதினொரு வயதுச் சிறுமியின் உணர்வுகள் ஐந்தும் அதில் மாந்தர்களாக உலவுகின்றன. உவகை, அழுகை, அச்சம், வெகுளி, இளிவரல் என்று அவற்றுக்குத் தமிழில் பெயரிடலாம். ஐந்தும் தொல்காப்பியர் எண்ணிய எட்டினுள் அடங்கும். 2024இல் வந்த இரண்டாம் படத்தில் ரைலிக்கு வயது பதின்மூன்று. பதற்றம், பொறாமை, நாணம், சலிப்பு என்னும் நால்வர் புதிதாக வருகின்றனர். எட்டு மெய்ப்பாட்டின் பின்னர்த் தொல்காப்பியர் அடுக்கும் முப்பத்திரண்டனுள் பொறாமையும் நாணுதலும் பெயர் மாறாமலே உள்ளன. சலிப்புக்கு அணித்தாக மடிமையும், பதற்றத்திற்கு அணித்தாக வெரூஉதலும் நடுக்கும் அங்கே நிற்கின்றன. பண்டைத் தமிழர் உளநூலை இன்றைய படத்தோடு ஒப்பிட்டுக் கற்பிக்க இதனினும் நல்ல வாயில் வேண்டுமோ?

அப்படத்தில் தோழியர் இருவரும் வேறு பள்ளிக்குச் செல்லவிருப்பதை அறிகிறாள் ரைலி. பதற்றம் ஆட்சியைக் கைப்பற்றுகிறது. வரக்கூடிய கேடுகளையெல்லாம் முன்னரே வரைந்து காட்டி அவளை உறங்கவிடாமல் அலைக்கழிக்கிறது. இறுதியில் அது துரத்தப்படவில்லை. அதற்கென ஓர் இருக்கை அளித்து அமைதியாக அமர வைக்கின்றனர்.

ரைலியின் கதை ஜொகூர்த் தமிழ்ப் பிள்ளைக்குத் தொலைவானதன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தாய்மொழியில் பயின்ற மாணவன், பதின்மூன்றாம் வயதில் மலாய் பயிற்று மொழியாகவுள்ள இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில் கால்வைக்கிறான். பழகிய தோழர் சிதறுகின்றனர். சிரிப்புக்கும் ஐயத்துக்கும் வேறொரு மொழி தேட வேண்டியிருக்கிறது. மொழித்தேர்ச்சி போதாதென்று புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்தவர் பல தலைமுறையினர். விடியுமுன் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, அன்றாட அச்சத்தைச் சொல்லிக்கொள்ளும் நேரமும் குறைவு. குளுவாங், சிகாமட் தோட்டங்களில் முன்னோர் கண்ட காட்டச்சத்துக்குத் தீப்பந்தமும் தகரவொலியும் துணையாயின. இவ்வகத்தச்சத்துக்கு அவை உதவா.

சொல்லப்பெறாத அச்சமே பிள்ளையை வாட்டும். பெயர் பெற்ற அச்சம் பேசக்கூடியதாகிறது, பேசக்கூடியது பகிரக்கூடியதாகிறது. அசைவூட்டப் படங்கள் செய்துள்ள பெருந்தொண்டு இதுவே. ஆறாம் ஆண்டின் இறுதியில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, மாணாக்கர் தத்தம் அச்சத்துக்கு உருவம் வரைந்து, பெயரிட்டு, நான்கு வரி எழுதுமாறு தமிழாசிரியர் பணிக்கலாம். பெயர்கள் முப்பத்திரண்டு தொல்காப்பியத்திலேயே ஆயத்தமாக உள்ளன. தமிழ்ப்பள்ளியினின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கதையைப் பின்னொரு நாளில் திரையில் வரையப்போகும் கை, அவ்வகுப்பிலேயே இருக்கக்கூடும்.