படுகையற்ற மீன்தொட்டி

படுகையற்ற மீன்தொட்டி என்பது மணல், கூழாங்கல், செடிகளுக்கான வளர்மண் ஆகியவற்றுள் எதனையும் அடியில் பரப்பாமல், கண்ணாடித் தளத்தை வெறுமையாகவே விட்டு மீனோ இறாலோ வளர்க்கப்படும் தொட்டியாகும். வண்ணமீன் வளர்ப்போரிடையே இது பேர் பாட்டம் தொட்டி என வழங்குகிறது. மீன் பெருக்கும் பண்ணைகளிலும், புதிதாக வாங்கிய மீன்களைத் தனித்து வைத்துக் கவனிக்கும் தொட்டிகளிலும், மருந்திடும் தொட்டிகளிலும் இது நெடுங்காலமாக நிலைபெற்ற முறை. வண்ணமீன் தொழிலுக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களின் சிமெண்டுத் தொட்டிகளும் பொதுவாகப் படுகை இடப்படாதவையே. வீடுகளில் இம்முறை பெரும்பாலும் பராமரிப்பின் எளிமை கருதி மேற்கொள்ளப்படுகிறது. ஆயினும், படுகை கண்ணுக்குப் புலப்படாமல் ஆற்றிவந்த பணிகளை வேறு பொருள்கள் ஏற்காவிடில் அந்த எளிமை நீடிப்பதில்லை.

அப்பணிகளுள் தலையாயது கழிவை மாற்றுவது. மீனும் இறாலும் வெளியிடும் நைட்ரசன் கழிவும், அழுகும் இரையும் நீரில் அமோனியாவாகச் சேர்கின்றன. நச்சுத்தன்மை மிக்க அமோனியாவை ஒருவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், அதனை வேறு சில பாக்டீரியாக்கள் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா பேரினத்தைச் சேர்ந்த சில இவ்விரு படிகளையும் தாமே முடிக்கவல்லவை என்பது 2015-ல் தெரியவந்தது. இவை பெரும்பாலும் நீரில் மிதந்து திரிவதில்லை. ஏதேனும் ஒரு பரப்பின்மேல் வழவழப்பான மென்படலமாக, அதாவது உயிர்ப்படலமாக, ஒட்டி வாழ்கின்றன. மணற்படுகையில் ஒவ்வொரு துகளும் அவற்றுக்கு ஒரு பரப்பாதலால், படுகையை நீக்குவது அவற்றின் வாழிடத்தில் ஒரு பகுதியை நீக்குவதாகும். எனவே படுகையற்ற தொட்டியில் வடிகட்டியே ஏறத்தாழ முழுச் சுமையையும் தாங்குகிறது. இதற்குப் பரவலாகப் பயன்படுவது ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ஏர் பம்பு அனுப்பும் காற்றுக்குமிழிகள் குழாயில் மேலெழும்போது நீர் பஞ்சின் நுண்துளைகள் வழியே இழுக்கப்பட, துளைகளின் உட்பரப்பில் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. இழுவிசை மென்மையாக இருப்பதால் மிகச்சிறிய குஞ்சுகளும் இறால் குட்டிகளும் உள்ளே சிக்குவதில்லை. பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் அழியக்கூடும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனைப் பிழிவது முறை.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரசன் நைட்ரேட்டாக மாறும்போது, கால்சியம் கார்பனேட்டுக் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள கற்களோ பவளத்துகளோ படுகையில் இருந்தால் அவை சிறிது சிறிதாகக் கரைந்து இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். வெறுந்தளத் தொட்டியில் மென்னீர் நிரப்பப்பட்டிருந்தால் அத்தகைய ஈடு இல்லாமையால் பி.எச். அளவு சரியத் தொடங்கும். ஒழுங்காக நீர் மாற்றுவதும், வடிகட்டியினுள் சிறிதளவு பவளத்துகள் இடுவதும் இதற்குப் போதுமான தீர்வுகள்.

படுகை இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே நீரின் தன்மையில் நேரும் இந்த வேறுபாடு இறால் வளர்ப்பில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1990-களில் ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய கிறிஸ்டல் சிவப்பு இறால் சற்றே அமிலத்தன்மை கொண்ட மென்னீரை நாடுவது. நீரிலுள்ள கார்பனேட்டை ஈர்த்துக்கொண்டு பி.எச். அளவைத் தாழ்வாக வைத்திருக்கும் வளர்மண்ணின்மேலேயே அது வழக்கமாக வளர்க்கப்படுகிறது. படுகையின்றி அதனை வளர்ப்பது இயலாததன்று என்றாலும், ஆர்.ஓ. நீரில் உரிய உப்புகளை அளந்து கலப்பதில் இடையறாத கவனம் வேண்டும். தொடக்கநிலையினர்க்கு அது ஏற்றதன்று. மாறாக, நடுநிலை நீரிலும் சற்றே காரமான நீரிலும் வாழும் செர்ரி இறால் வெறுந்தளத்துக்கு நன்கு பொருந்துகிறது. பெண் இறால் முட்டைகளை வயிற்றடியில் ஏறத்தாழ 4 வாரம் சுமக்க, அவற்றிலிருந்து மிதந்து திரியும் இளவுயிரி நிலை ஏதுமின்றித் தாயின் வடிவிலேயே குட்டிகள் வெளிவருகின்றன. அவை முதல் நாளிலிருந்தே அருகிலுள்ள பரப்புகளில் மேயத் தொடங்குவதால், உயிர்ப்படலம் அவற்றுக்கு உணவாகவும் அமைகிறது. துடைத்து வைத்த கண்ணாடி அவற்றுக்குப் பட்டினிக்களமே. ஆகவே ஜாவா பாசி, மரவேர்த்துண்டு, உலர்ந்த நாட்டுவாதுமை இலை ஆகியவற்றைத் தாராளமாக இட்டு, தொட்டியைச் சில வாரங்கள் பழகவிட்ட பின்னரே இறால் விடப்பட வேண்டும். ஓடு உரித்தபின் சிறிது காலம் மென்மையாக இருக்கும் இறால்கள் ஒளிந்துகொள்வதற்கும் இவையே இடம்.

மீன்களைப் பொறுத்தவரை வெறுந்தளத்தின் தனிச்சிறப்பு நோய்த்தடுப்பிலும் குஞ்சு வளர்ப்பிலும் வெளிப்படுகிறது. உடலில் உப்பைத் தூவியதுபோல் வெண்புள்ளிகளைத் தோற்றுவிக்கும் ஒட்டுண்ணி, முதிர்ந்ததும் மீனைவிட்டு உதிர்ந்து அடியிலோ பிற பரப்பிலோ ஒட்டிக்கொண்டு, கூட்டினுள் பலமுறை பிளவுற்று, நூற்றுக்கணக்கான புதிய உயிரிகளாக நீந்தி வெளிவருகிறது. படுகை இல்லாதபோது இக்கூடுகள் மறைய இடம் குறைவு. நாள்தோறும் சைஃபன் குழாயால் தளத்தை உறிஞ்சியெடுப்பது, மருந்துக்கு மாற்றாகாவிடினும், அதற்கு நல்ல துணையாகிறது. அமேசான் ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட டிஸ்கஸ் மீன்களைப் பெருக்குவோர் வெறுந்தளத்தையே விரும்புவதற்கும் தூய்மையே காரணம். பெற்றோரின் தோலில் சுரக்கும் சளியை உண்டு வளரத் தொடங்கும் டிஸ்கஸ் குஞ்சுகளுக்குப் பின்னர் நாளொன்றுக்குப் பலமுறை புரதச்செறிவுள்ள இரை இடப்படுவதால், எஞ்சிய இரையை உடனுக்குடன் அகற்றாவிடில் நீர் கெட்டுவிடும்.

எனினும் வெறுங்கண்ணாடி மீனுக்கு இயல்பான தரையன்று. கீழிருந்து எழும் பிரதிபலிப்பில் சில மீன்கள் மிரள்கின்றன; வெளிறிய தளத்தின்மேல் மீன், இறால் இரண்டின் நிறமும் மங்குகிறது. நீர் நிரப்புமுன் தளத்தின் வெளிப்புறத்துக்குக் கரிய வண்ணம் பூசுவதோ, தொட்டியின் அடியில் கரிய தாளை விரிப்பதோ இக்குறையைப் பெரிதும் போக்கும். கனத்த கல்லின் கூர்முனை கண்ணாடியின் ஒரே புள்ளியில் அழுந்தினால் விரிசல் நேரலாம் என்பதால், கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் வலைத்துண்டு வைக்கப்படுகிறது. அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவை மரத்திலோ கல்லிலோ கட்டி வைத்தாலே வளர்வன. மண்ணில் வேரூன்றும் செடிகள் இங்குச் சிறு சட்டிகளில் வைத்தாலொழியச் செழிக்கமாட்டா.

சில உயிர்களுக்குப் படுகை இன்றியமையாதது. தென்னிந்திய ஆறுகளின் மணலில் புதைந்து வாழும் அயிரை, மணலைத் துழாவி இரை தேடும் கோரிடோராஸ், மணலை வாயால் அள்ளிச் சலிக்கும் ஜியோஃபேகஸ் ஆகியவற்றை வெறுங்கண்ணாடியின்மேல் நிலையாக வைப்பது அவற்றின் இயற்கை நடத்தையையே பறிப்பதாகும். சிகிச்சைக்காலம் தவிர வேறெப்போதும் அது தகாது.

ஏற்கெனவே படுகையுள்ள தொட்டியை வெறுந்தளமாக மாற்றுவோர் அனைத்தையும் ஒரே நாளில் அள்ளிவிடக் கூடாது. படுகையின் பாக்டீரியாக்கள் ஒருங்கே இழக்கப்படுவதால் அமோனியா திடீரென உயர்வதோடு, அடியில் தேங்கிய கழிவும் கலங்கி எழும். தொட்டியில் கூடுதலாக ஒரு பஞ்சு வடிகட்டியைச் சில வாரங்களுக்கு முன்பே ஓடவிட்டு, பின்னர் ஒவ்வொரு நீர்மாற்றத்தின்போதும் படுகையில் ஒரு பங்கை மட்டும் சைஃபன் குழாயால் அகற்றி, இடையிடையே அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, இரண்டும் தென்படாத நிலையிலேயே அடுத்த பங்கை எடுப்பது பாதுகாப்பான வழி.