வெட்டப்பட்ட ஒரு வரி

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் தாம் எழுதியவற்றை நினைவுகூர்வதே வழக்கம். முப்பது ஆண்டுகள் ஆசிரியபீட மேசையில் கழித்துவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே வீடடங்கி இருக்கும் இந்நாட்களில், எனக்கு அடிக்கடி நினைவில் வருபவை நான் வெட்டியவை. அவற்றுள் ஒரு வரியைப் பற்றியதே இக்கட்டுரை.

2018 மே மாதத்தின் இறுதி நாட்களில் ஓர் இரவு. விளையாட்டுப் பக்கத்தில் சிறிய இடமொன்று காலியாக இருந்தது. செய்தி நிறுவனத்திடமிருந்து சுவையான செய்தியொன்று வந்திருந்தது. பாரிஸில் பிரெஞ்சு பகிரங்க டென்னிஸ் தகுதிகாண் சுற்றில் தோற்று, பார்சலோனாவுக்குத் திரும்பிவிட்டிருந்தார் ஆர்ஜென்டினா வீரர் மார்கோ துருங்கெலித்தி. காயமடைந்த நிக் கிர்ஜியோஸ் விலகியதால் பிரதான சுற்றில் ஓர் இடம் காலியானது. அந்தச் செய்தி எட்டியதும் தாயையும் சகோதரனையும் எண்பது வயதைக் கடந்த பாட்டியையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் ஓட்டி நள்ளிரவுக்குச் சற்று முன்னர் பாரிஸை அடைந்தார். மறுநாள் முற்பகலில் அவுஸ்திரேலியாவின் பேர்னாட் டொமிச்சை நான்கு செற்களில் தோற்கடித்தார். இரண்டாம் சுற்றை எட்டிய வீரருக்கான தொகை 79,000 யூரோ.

பாட்டியும் காரும் வெற்றியும் கொண்ட செய்தியை எந்த உதவி ஆசிரியன் விடுவான்? நானும் விடவில்லை. ஆனால் இடம் போதவில்லை. செய்தியை அடியிலிருந்து வெட்டுவது எங்கள் தொழிலின் பழக்கம். அடியில் இருந்த வரி இதுதான்: அந்த இடம் துருங்கெலித்திக்கு முன்னர் சேரவேண்டியிருந்தது இந்தியாவின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்கு, அவர் அதற்குள் இத்தாலியின் விசென்சா நகரில் வேறொரு சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டிருந்தார். வெட்டிவிட்டேன். பக்கம் அச்சுக்குப் போயிற்று.

டென்னிஸ் எனக்கு அந்நியமான விளையாட்டாக இருந்திருந்தால் இதனை மறந்திருப்பேன். அது வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்காக எங்கள் தீவுக்கு வந்தது. திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியக் கடற்படை 1957 இல் கையளித்துப் போனபோது நான் பிறந்திருக்கவில்லை. எனக்கு டென்னிஸ் வந்தது வானொலி வழியாகவே. 1987 ஒக்டோபரின் முதல் வாரத்தில், சிட்னியில் நடந்த டேவிஸ் கிண்ண அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில் வொலி மெசூரை வென்று ரமேஷ் கிருஷ்ணன் இந்தியாவை இறுதிக்குக் கொண்டுசென்ற செய்தியைக் கேட்டுத் துள்ளியது நினைவிருக்கிறது. அடுத்த சில நாட்களிலேயே இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது; டென்னிஸை மறக்க எங்களுக்குக் காரணங்கள் கிடைத்தன. ஆனாலும் ராமநாதன் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள், ரமேஷ் கிருஷ்ணன் என்ற சென்னை வரிசை எங்களுக்குச் சொந்த வரிசைபோலவே இருந்தது. விம்பிள்டன் அரையிறுதியில் 1960 இலும் 1961 இலும் ஆடியவர் ராமநாதன். உலகத் தரவரிசையில் விஜய் அமிர்தராஜ் 18 ஆம் இடம்வரையும் ரமேஷ் 23 ஆம் இடம்வரையும் சென்றவர்கள்.

அதே சென்னையில் 1989 நவம்பர் 12 அன்று பிறந்தவர் பிரஜ்னேஷ். இடக்கைக்காரர். அவர் எட்டிய அதியுயர் தரவரிசை 75. முந்தையவர்களோடு வைத்துப் பார்த்தால் இந்த எண் சிறியதாகத் தோன்றும். அது எத்தகைய எண் என்பதை விளங்கிக்கொள்ளத் தொழில்முறை டென்னிஸின் அமைப்பைச் சற்றே பார்க்கவேண்டும்.

கணினித் தரவரிசை 1973 ஓகஸ்ட் மாதம் தொடங்கியது. கிராண்ட் ஸ்லாம் சுற்றுப்போட்டி ஒன்றின் ஆண்கள் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 இடங்கள். அவற்றுள் 104 தரவரிசைப்படி நேரடியாக நிரப்பப்படுகின்றன. எட்டு, அமைப்பாளர்களின் விருப்பத் தெரிவு. எஞ்சிய 16 இடங்களுக்காக 128 பேர் தகுதிகாண் சுற்றில் மோதி, மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்லவேண்டும். கடைசித் தகுதிகாண் ஆட்டத்தில் தோற்றவர்களுக்கும் ஒரு நப்பாசை உண்டு. பிரதான சுற்றில் யாரேனும் விலகினால் அவர்களுள் ஒருவர் உள்ளே அழைக்கப்படுவார். 'அதிர்ஷ்டத் தோல்வியாளர்' என்று அவருக்குப் பெயர். ஆனால் அதற்கு அவர் நேரில் வந்து பெயர் பதிந்திருக்கவேண்டும்.

இந்தக் கதவுக்கு வெளியே இருப்பவர்களின் உலகம் வேறு. அதன் அடித்தளம், அந்நாட்களில் மொத்தப் பரிசே 10,000 அல்லது 15,000 டொலராக இருந்த சிறு சுற்றுப்போட்டிகள். இவை கொழும்பிலும் நடந்திருக்கின்றன. ஒரு வாரம் முழுதும் வென்று கிண்ணத்தைத் தூக்குபவனுக்கு அதில் ஏழில் ஒரு பங்கு அளவே கிடைக்கும். விமானச் சீட்டு, தங்குமிடம், பயிற்சியாளர் கூலி அனைத்தும் அவன் பையிலிருந்து. அடுத்த படி சலஞ்சர் போட்டிகள். மறுபுறத்தில், 2019 அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியின் முதற்சுற்றில் தோற்றவருக்கே 75,000 அவுஸ்திரேலிய டொலர் கொடுத்தார்கள். ஒரே ஆட்டத்தில் தோற்று வெளியேறுபவன் உள்ளே பெறுவதை, வெளியே ஓராண்டு வென்றுகொண்டிருப்பவனும் பெறுவது அரிது.

பிரஜ்னேஷ் இந்த வெளி உலகத்திலும் முழுமையாக ஓடியாட முடியாதவராக இருந்தார். இருபதுகளின் முற்பகுதியில், ஒரு வீரனின் உடல் வளர்ந்து வலுப்பெறும் ஆண்டுகளில், முழங்கால் எலும்புகளில் ஏற்பட்ட அழுத்த முறிவுகள் அவரை மீண்டும் மீண்டும் களத்துக்கு வெளியே நிறுத்தின. திரும்பி வருவதும் மறுபடி முறிவதுமாகக் காலம் போயிற்று. அவரோடொத்த வயதினர் பெரிய மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் கீழ்ப்படியில் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

2018 ஏப்ரலில் திருப்பம் வந்தது. சீனாவின் தியன்ஜின் நகரில் டேவிஸ் கிண்ணம். முதல்நாளின் இரு ஒற்றையர் ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. அவற்றில் பிரஜ்னேஷ் இறக்கப்படவில்லை. மறுநாள் லியாண்டர் பயஸும் ரோஹன் போபண்ணாவும் இரட்டையரை வென்றார்கள். டேவிஸ் கிண்ண இரட்டையரில் பயஸின் 43 ஆவது வெற்றியான அது ஓர் உலக சாதனை. சென்னையின் ராம்குமார் ராமநாதன் அடுத்த ஆட்டத்தை வென்று 2-2 ஆக்கினார். தீர்ப்பு ஆட்டத்துக்கு இறக்கப்பட்ட பிரஜ்னேஷ், வூ யிபிங்கை 6-4, 6-2 என வென்றார். செய்திகளில் பயஸின் சாதனை தலைப்பாயிற்று, அதில் பிழையில்லை. ஆனால் போட்டியை முடித்துவைத்தவர் மற்றவர்.

சில வாரங்களில் சீனாவின் அன்னிங் நகரில் தமது முதலாவது சலஞ்சர் கிண்ணத்தை வென்றார். பிறகு பாரிஸ். தகுதிகாண் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோல்வி. அந்த ஆண்டு புதிய விதியொன்று நடைமுறைக்கு வந்திருந்தது: காயத்தோடு முதற்சுற்றில் இறங்காமல் முன்கூட்டியே விலகுபவருக்கும் பரிசுத் தொகையில் பாதி உண்டு. ஆகவே வழக்கத்தைவிட அதிகமானோர் விலகினார்கள். காலியிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிரஜ்னேஷின் முறையும் வந்தது. ஆனால் அவர் விசென்சாவில் இருந்தார்.

ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பது எளிது. காத்திருப்பதற்கு விலை உண்டு. அந்த வாரப் போட்டியை விட்டால் அந்த வாரப் புள்ளிகள் இல்லை. அந்த வார வருமானமும் இல்லை. வராமற்போகக்கூடிய ஓர் அழைப்புக்காகக் கையிலிருக்கும் வேலையை விடுவது வசதி படைத்தவனுக்கே இயலும். பிரஜ்னேஷ் எடுத்தது ஒரு தொழிலாளியின் முடிவு. கணக்குப்படி சரியான முடிவு. சரியான முடிவுக்கும் தவறான பலன் வருவதுண்டு. துருங்கெலித்தியும் காத்திருந்தவரல்லர்; வீட்டுக்குப் போனவர். ஒருவர் வீட்டில் இருந்தார், மற்றவர் வேலைக்குப் போயிருந்தார். வேலைக்குப் போனவர் இடத்தை இழந்தார் என்பதே இதிலுள்ள கசப்பு.

அவர் அதில் தேங்கி நிற்கவில்லை. இரண்டு வாரங்களில் ஸ்ருட்கார்ட் புற்தரையில், அப்போது உலகின் 23 ஆம் நிலையிலிருந்த டெனிஸ் ஷபொவலொவை மூன்று செற்களில் வென்றார். ஓகஸ்டில் ஆசிய விளையாட்டு விழாவில் ஒற்றையர் வெண்கலம். நவம்பரில் பெங்களூரில் இரண்டாவது சலஞ்சர் கிண்ணம். 2019 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் மூன்று தகுதிகாண் ஆட்டங்களையும் வென்று, 29 வயதில் முதன்முறையாகக் கதவுக்கு உள்ளே போனார். பெப்ரவரியில் முதல் நூற்றுவருள் ஒருவரானார். மார்ச்சில் இந்தியன் வெல்ஸில் உலகின் முதல் இருபதுக்குள் இருந்த நிகொலோஸ் பசிலஷ்விலியை வீழ்த்தினார். ஏப்ரலில் 75 ஆம் இடம்.

அந்த ஆண்டின் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளிலும் அவர் பிரதான சுற்றில் ஆடினார். நான்கிலும் முதற்சுற்றிலேயே தோற்றார். மெல்பேர்னில் பிரான்சிஸ் தியாஃபோ, பாரிஸில் ஹியூகோ டெலியென், விம்பிள்டனில் மிலோஸ் ராவோனிச், நியூயோர்க்கில் டானில் மெத்வடேவ். அந்த மெத்வடேவ் அவ்வாண்டு இறுதியாட்டம் வரை போனவர். 2020 ஜனவரியில் மெல்பேர்னில் மீண்டும் கடைசித் தகுதிகாண் ஆட்டத்தில் தோல்வி. இம்முறை அவர் அங்கேயே இருந்தார், அழைப்பு வந்தது. பாரிஸ் கொடுக்காததை மெல்பேர்ன் கொடுத்தது. முதற்சுற்றில் வென்றால் அடுத்து நோவக் ஜோகோவிச்சுடன் ஆடும் வாய்ப்பு. ஜப்பானின் தட்சுமா இட்டோவிடம் தோற்றார். அதிர்ஷ்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நடப்பது நம்முடைய காலால்தான்.

அவருடைய தோழர் ராம்குமாரின் கதை இன்னும் கடினமானது. 2017 இல் அந்தாலியாவில் உலகின் 8 ஆம் நிலை வீரர் டொமினிக் தீமை நேர் செற்களில் வென்றவர். 2018 இல் நியூபோர்ட் இறுதியாட்டத்தில் ஆடியவர். 111 ஆம் இடம்வரை ஏறியவர். ஆனால் 2021 விம்பிள்டன் வரை இருபதுக்கும் மேற்பட்ட முறை கிராண்ட் ஸ்லாம் தகுதிகாண் சுற்றில் இறங்கியும் ஒற்றையர் பிரதான சுற்றை ஒருமுறையேனும் அவர் எட்டவில்லை. அந்த 2021 முயற்சி ஐந்து செற்கள் நீண்டு முடிந்தது. 111 ஆம் இடத்துக்கும் நேரடி நுழைவின் 104 ஆம் இடத்துக்கும் இடையே ஏழு எண்கள். அந்த ஏழு எண்களைக் கடக்க ஒரு வாழ்நாளின் இளமை போதவில்லை.

பிரஜ்னேஷ் 2024 நவம்பரில், 35 வயது நிறைந்த சில நாட்களில், ஓய்வை அறிவித்தார். அச்செய்தியைப் படித்தபோதுதான் 2018 இல் நான் வெட்டிய வரி நினைவுக்கு வந்தது. மைதானத்தில் தோற்றவர்களைத் தரவரிசை கணக்கில் வைத்துக்கொள்கிறது. எந்த வாரம் யார் எத்தனையாம் இடம் என்று கேட்டால் சொல்லும். தோற்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தவர்களையும், நிற்க வசதியில்லாமல் அடுத்த ஊருக்குப் போனவர்களையும் அது சொல்வதில்லை. அதைச் சொல்லவேண்டியது எங்கள் வேலை. அடியிலிருந்து வெட்டும் பழக்கத்தில் நாங்கள் வெட்டியது பெரும்பாலும் இவர்களைத்தான். வென்றவனின் பாட்டிக்குப் பக்கத்தில் இடமிருந்தது. போனவனின் பெயருக்கு ஒரு வரி இல்லாமற்போயிற்று.

அந்தப் பத்திரிகைப் பக்கத்தை இனித் திருத்த முடியாது. எனவே அந்த வரியை இங்கேயே போட்டுவிடுகிறேன். 2018 மே மாதம், பாரிஸில் காலியான இடத்துக்கு முதலில் உரியவர் சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன். அன்று அவர் விசென்சாவில், வேலையில் இருந்தார்.