படை நீங்கிய நிலம்

ஒரு நாட்டுள் புகுந்த அயற்படை அந்நாட்டை விட்டு அகலுவதைக் குறிக்க நம்மிடம் நான்கு சொற்கள் வழக்கில் உள்ளன. தோற்று அகன்றால் ‘பின்வாங்கல்’. பிறர் வற்புறுத்த அகன்றால் ‘வெளியேற்றம்’. தானே முடிவெடுத்து அகன்றால் ‘விலகல்’. அனுப்பிய அரசே அழைத்துக்கொண்டால் ‘திரும்பப் பெறுதல்’. நான்கும் படையின் பக்கம் நின்று பார்க்கும் சொற்கள். படை எவ்வாறு போயிற்று என்பதை அவை சொல்லும். போன பின் அந்நிலம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லா.

இப்பார்வை நமக்குப் புதிதன்று. புறத்திணை இலக்கணம் படை மேற்செல்வதற்கும், மதிலை வளைப்பதற்கும், எதிர்நின்று பொருவதற்கும், வெல்வதற்கும் தனித்தனித் திணை வகுத்தது. பகைவர் நாட்டின் அழிவுக்கு இரங்கும் கொற்றவள்ளை என்னும் துறையும் உண்டு. ஆயினும் அவ்விரக்கமும் வென்ற வேந்தனின் சிறப்பைச் சொல்லவே வருகிறது. படை மீளும் காலமோ முல்லைக்கு உரியது. பாசறையிலிருந்து திரும்பும் தலைவன், விரையும் தேர், வாயிலில் காத்திருக்கும் தலைவி ஆகியவற்றை மாணவர்கள் நன்கறிவர். விட்டுவரப்பட்ட ஊரில் அன்றிரவு காவல் நின்றவர் யார் என்னும் வினா முல்லையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவ்வினாவையே இவ்வுரையில் எடுத்துக்கொள்கின்றோம்.

அதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திரிங்காப்பும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் அடங்கிய இக்கேமரன் மலை, முப்பதாண்டுக் காலத்துள் மும்முறை அயற்படை நீங்கக் கண்ட நாட்டின் ஒரு பகுதி. 1942இல் பிரிட்டிஷார் பின்வாங்கினர். 1945இல் ஜப்பானியர் சரணடைந்தனர். 1957க்கும் 1971க்கும் இடையே பிரிட்டிஷார் மீண்டும், இம்முறை மெல்ல மெல்ல, நீங்கினர். நாடு ஒன்றே, விளைவுகள் மூன்று விதம்.

முதலாவதைச் சுருங்கச் சொல்லலாம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அடுத்த மாதம் 7ஆம் நாள் சிலிம் ஆற்றங்கரையில் தற்காப்பு முறிந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அக்காலத்தில் இம்மலைக்கு ஏறிவர இருந்த சாலை தாப்பாவிலிருந்து வரும் ஒன்றே. தாப்பா கைமாறியதும் மலை தனித்து நின்றது. தோட்டத் துரைமார் அகன்றனர். கங்காணியும் கிராணியும் தொழிலாளரும் எஞ்சினர். தேயிலைக் கொழுந்தை உண்டு உயிர்வாழ இயலாது. வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த மலாயாவில் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டதும், 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் அவருள் பெருந்தொகையினர் மாண்டதும் இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் மறவாதவை. இப்பகுதியை நம் மக்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று பெயரிட்டு வழங்குகின்றனர்.

அதனையடுத்து வந்த சில வாரங்களுக்கு நம் பேச்சில் பெயரில்லை. வரலாற்றாசிரியர் ‘இடையாட்சிக் காலம்’ என்பர். அதுவும் ஏட்டுச் சொல்லே. பெயரற்ற அவ்வாரங்களில்தான் பின்வந்த பதினைந்தாண்டு முடிவாயிற்று என்பது நம் கருத்து.

நாட்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1945 ஆகஸ்டு 15இல் ஜப்பானியப் பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்தார். பிரிட்டிஷ் கடற்படையினர் பினாங்கில் இறங்கியது செப்டம்பர் 3; சிங்கப்பூருக்கு வந்தது செப்டம்பர் 5; மோரிப் கடற்கரையில் பெரும்படை இறங்கியது செப்டம்பர் 9; கோலாலம்பூரில் முறைப்படி சரணடைவு நிகழ்ந்தது செப்டம்பர் 13. தலைநகருக்கே நான்கு வாரமெனின், மலைமேல் உள்ள தோட்டங்களைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. இத்தாமதத்திற்கு ஒரு காரணம் வெறும் முறைமை. தோக்கியோ விரிகுடாவில் செப்டம்பர் 2ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை நேசப்படைகள் எங்கும் இறங்கலாகாது என்று ஜெனரல் மெக்கார்தர் ஆணையிட்டிருந்தார். தோக்கியோவில் நிகழவிருந்த சடங்கின் பொருட்டு எழுந்த ஆணைக்கு மலாயாச் சிற்றூர்கள் விலை கொடுத்தன.

ஜப்பானிய வீரர் அந்நாட்களில் கப்பலேறிவிடவில்லை என்பதையும் கருத வேண்டும். அவர்கள் முகாம்களிலும் பெருநகர்களிலும் ஒடுங்கினர். நீங்கியது அவர்தம் ஆணை. ஆகவே, படை எந்நாள் கப்பலேறிற்று என்பதைவிட, எந்நாள் முதல் ஊரார் அதற்குக் கீழ்ப்படிவதை நிறுத்தினர் என்பதே வரலாற்று மாணவர் தேட வேண்டிய தேதி.

அவ்வெற்றிடத்துள் காட்டிலிருந்து இறங்கி வந்தது மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. தொப்பியில் மூன்று நட்சத்திரம் அணிந்தமையால் ‘பிந்தாங் தீகா’ எனப்பட்ட இப்படை, பெரும்பாலும் சீன இளைஞரைக் கொண்டது; மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமையில் இயங்கியது. அது தானே முளைத்துத் தனித்து வளர்ந்ததன்று. இம்மலைக்குத் தென்மேற்கே, பீடோரை அடுத்த பிளாந்தான் காட்டு முகாமில், 1943ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் டேவிஸ் முதலிய பிரிட்டிஷ் அதிகாரிகள் அக்கட்சியினருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆயுதமும் பணமும் பயிற்சியும் பிரிட்டிஷார் தருவது. போர் முடியும்வரை அவர்தம் கட்டளைக்கு அப்படை உடன்படுவது. போர் முடிந்த மறுநாள் யார் ஆள்வது என்பதை அவ்வுடன்படிக்கை தீர்க்கவில்லை. தீர்த்திருந்தால் உடன்படிக்கையே ஏற்பட்டிராது போலும்.

காட்டிலிருந்து வந்தோர் மக்கள் குழுக்களை அமைத்தனர், உணவு பங்கிட்டனர், சில ஊர்களில் கொள்ளையைத் தடுத்தனர் என்பதையும் மறைக்கலாகாது. அவர்களே வழக்கு விசாரித்துத் தண்டனையும் வழங்கினர். ஜப்பானியரின் கீழ்க் காவலராகவும் ஒற்றராகவும் சிற்றதிகாரிகளாகவும் இருந்தவர் குற்றவாளிகள் எனப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் மெய்யாகவே கொடுமை செய்தவரும் உண்டு, வயிற்றுப்பாட்டுக்கு வேலை பார்த்தவரும் உண்டு. சில மணி நேர விசாரணையில் இவ்விரு திறத்தாரையும் பிரித்தறிவது அரிது. காவலருள் மலாய்க்காரர் மிகுதி, படையினருள் சீனர் மிகுதி என்பதனால் தண்டனை இனப்பகையாகத் திரிந்தது. ஜொகூரில் பத்து பகாட்டை அடுத்த ஊர்களில் சரணடைவுக்கு முன்னரே மூண்ட கலவரம், பேராக்கில் சுங்கை மானிக்கிலும், பின்னர் நெகிரி செம்பிலானில் பத்து கிக்கிரிலும், 1946 தொடக்கத்தில் நம் பகாங் மாநிலத்து ரவுப் வட்டாரத்திலும் தோன்றியது. அதற்குமுன் அண்டை வீடாக வாழ்ந்தவர் அவர்கள்.

தமிழர் நிலை வேறு வகையில் இடர்ப்பட்டது. தோட்டங்களிலிருந்து ஆடவரும், ஜான்சி ராணிப் படைக்குப் பெண்டிரும், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்தனர். ஜப்பானியர் சரணடைந்ததும் அவ்விராணுவம் கலைந்தது. திரும்பி வந்த பிரிட்டிஷார் சிங்கப்பூரில் நின்ற அதன் வீரர் நினைவுச்சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். ஒரு திங்களுக்கு முன் விடுதலை வீரர் என்று மாலையிடப்பட்டவர், மறு திங்களில் விசாரணைக்குரியவர் ஆயினர். ஜப்பானிய நாணயமும் செல்லாததாயிற்று. பத்து வெள்ளித் தாளில் வாழை அச்சிடப்பட்டிருந்ததால் ‘வாழைமர நோட்டு’ எனப்பட்ட அப்பணம் தொழிலாளரின் மூன்றரை ஆண்டுக் கூலி. அதற்கு மாற்றுப்பணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. படை நீக்கத்தின் விளைவைக் குருதிக் கணக்கால் மட்டும் அளப்போர் இவ்விழப்பைக் காணத் தவறுகின்றனர். தோட்டத்து லயங்களில் முதலில் உணரப்பட்டது இதுவே.

1945 டிசம்பர் 1ஆம் நாள் எதிர்ப்புப் படை முறைப்படி கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுக்கப்பட்டது. அப்படையின் இளந்தலைவர்களுள் ஒருவரான சின் பெங்குக்குப் பிரிட்டிஷ் அரசு விருதும் வழங்கியது. ஆயினும் துப்பாக்கிகள் யாவும் வரவில்லை. ஒரு பகுதி காட்டில் புதைக்கப்பட்டது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அவசரகாலச் சட்டத்தில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் மரணக் குற்றமாயிற்று. அச்சட்டத்தின் கீழ் 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டவர் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவரும், இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவருமான எஸ். ஏ. கணபதி. 1945இன் இரு தளர்ந்த நூல்களும், அஃதாவது கலைக்கப்பட்ட படையும் கணக்கில் வராத துப்பாக்கியும், அம்மரணத்தில் வந்து முடிச்சிட்டன.

பின்வந்த பன்னீராண்டு இம்மலையின் முகத்தையே மாற்றியது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் கம்பி வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். திரிங்காப் இன்றும் ‘கம்போங் பாரு’ என்னும் அடைமொழியுடன் வழங்குவதை மாணவர்கள் பெயர்ப்பலகைகளில் காணலாம். ‘பாரு’ என்றால் புதிது. அப்புதுமை மக்கள் விரும்பிப் பெற்றதன்று. தோட்டத் தொழிலாளர் லயங்களும் வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. அடையாள அட்டையும் அவசரகாலத்தின் கொடையே. பிரேசர் மலைச் சாலையில், 1951 அக்டோபரில் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அயற்படை இருந்தமையால் மக்களுக்குக் காப்பு கிட்டியது என்று எளிதாக எழுதிவிடவும் இயலாது. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 ஊரவரைச் சுட்டவர் பிரிட்டிஷ் படையினரே.

இனி மூன்றாவது நீக்கம். 1955 டிசம்பரில் பாலிங்கில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் இரு நாள் பேசினர். உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வருமாயின் போரை நிறுத்துவதாகச் சின் பெங் கூறினார். பேச்சு முறிந்தது. ஆனால் அக்கூற்றே துங்குவுக்கு இலண்டனில் துணையாயிற்று. அயற்படை இருப்பதனால் போர் நீள்கிறது என்னும் வாதத்தை எதிரியின் வாயிலிருந்தே அவர் பெற்றுவிட்டார். 1957 ஆகஸ்டு 31இல் விடுதலை வந்தது. பிரிட்டிஷ் படை அன்றே போய்விடவில்லை. பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ்த் தங்கியது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது. 1968இல் பிரிட்டன் தன் படையைத் திரும்பப் பெறும் முடிவை அறிவித்தது; 1971 நவம்பர் 1ஆம் நாள் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு வந்தது. இம்முறை வெற்றிடம் இல்லை. காவலர், நீதிமன்றம், நாணயம், தேர்தல், பள்ளிக்கூடம் ஆகிய யாவும் படை போகுமுன்பே உள்ளூர்க் கைக்கு மாறியிருந்தன. இவற்றுள் நாணயமும் நீதிமன்றமும் துப்பாக்கிக்குச் சற்றும் குறைந்தவையல்ல என்பதை 1945ஐ அறிந்தவர் ஒப்புவர்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் இனத்தார் வாழும் இன்னொரு நிலத்தையும் நோக்குவோம். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. பாதுகாக்கச் சென்ற படை அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கிற்று. அதே மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவரும் நோயாளரும் அதன் துப்பாக்கிக்கு இரையாயினர். அப்படையிலும் ஏறத்தாழ 1,200 வீரர் மாண்டனர். அது நீங்க வேண்டும் என்று கொழும்பும் புலிகளும் ஒருங்கே விரும்பினர். தமிழ் மக்களுள்ளும் பலர் விரும்பினர். அவ்விருப்பத்தில் குறைகாண நமக்கு உரிமையில்லை. குறை, நீங்கிய முறையில் உள்ளது.

வடகிழக்கு மாகாண சபை 1988இல் அமைந்தது. வரதராஜப் பெருமாள் முதலமைச்சர் ஆனார். அச்சபைக்கு நிதியும் அதிகாரமும் பெயரளவிலேயே இருந்தன. படை போகும் நாள் நெருங்கவே, ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்ற பெயரில் இளைஞரை வலிந்து பிடித்துச் சேர்த்து ஆயுதம் கொடுத்தனர். மறுபுறம் பிரேமதாசாவின் அரசு புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச்சு 24ஆம் நாள் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. சபை சிதறியது, முதலமைச்சர் இந்தியாவுக்கு அகன்றார். வலிந்து சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அகலவும் இடமின்றி அழிந்தனர். ஜூனில் கிழக்கில் சரணடைந்த காவலர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டு மீண்டும் போர் மூண்டது. அதே மாதம் 19ஆம் நாள் சென்னைக் கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும் சுடப்பட்டனர். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் மடிந்தனர். அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரும், தமிழே தாய்மொழியாகக் கொண்டவர்கள், தம் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டனர்.

மலாயா 1945ஐ அறிந்தவர்க்கு இவை தெரிந்த முகங்கள். போன படைக்கு ஊழியம் செய்தவர் மீது பழி, கணக்கில் வராத துப்பாக்கி, தெருவில் நிற்கும் அண்டை இனத்தார். ஆப்கானிஸ்தானிலும் இதனைக் காண்கின்றோம். சோவியத் படை 1989 பிப்ரவரியில் நீங்கிய பின்னும் நஜிபுல்லாவின் அரசு மூன்றாண்டு நின்றது. மாஸ்கோவிலிருந்து வந்த பணமும் எரிபொருளும் நின்ற பின்னரே, 1992 ஏப்ரலில், அது விழுந்தது. 2021இலோ அமெரிக்கப் படை முற்றும் நீங்குமுன்பே, ஆகஸ்டு 15இல், காபூல் கைமாறிற்று.

இரு வரலாறும் ஒரே நாளில் சந்திப்பதும் உண்டு. 1989 டிசம்பர் 2ஆம் நாள் தென்தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆயுதத்தைக் கைவிட்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 1945 ஆகஸ்டில் பிறந்த வெற்றிடம் முற்றும் அடைபட 44 ஆண்டு பிடித்தது. அதே டிசம்பர் 2ஆம் நாள் புதுதில்லியில் வி. பி. சிங் பிரதமர் பொறுப்பை ஏற்றார். இலங்கையில் எஞ்சியிருந்த படையை அடுத்த நான்கு மாதத்துள் அவர் அரசே திரும்பப் பெற்றது. அவ்வீரர் கப்பலேறிய பின் மூண்ட போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது.