முப்பது வினாடி அம்மா

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் வழியில் ஒரு பழைய ஓட்டுவீடு. சில வருஷங்களுக்கு முன் அங்கே மசாலாப் பொடி விளம்பரம் ஒன்று எடுத்தார்கள். வீடு நண்பரின் பெரியப்பாவுடையது என்பதால் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். காலை ஆறு மணிக்கு வேனில் வந்திறங்கினார் அந்த நடிகை. பெயர் வேண்டாம். நம் அம்மாக்களுக்குத் தெரிந்த முகம். ஒரு காலத்தில் கதாநாயகி, பிறகு அண்ணி, பிறகு அம்மா, இப்போது பாட்டி. அன்று முழுக்க அவருக்கு இரண்டே வேலை: குழம்பை மோந்து பார்ப்பது, பேரனைப் பார்த்துச் சிரிப்பது. சிரிப்பை மட்டும் இருபது தடவைக்கு மேல் எடுத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் அம்மா மாதிரி சிரிங்கம்மா" என்றான் உதவி இயக்குநர்ப் பையன்.

"அப்ப இவ்ளோ நேரம் யார் மாதிரிப்பா சிரிச்சேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். கரண்டி பிடித்த கையைக் கிட்டத்தில் காட்ட வேறொரு இளம்பெண்ணின் கையை வைத்துக்கொண்டார்கள். மாலையில் கிளம்பும்போது, எந்த பாஷையில் வரும் என்று கேட்டார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் என்றார்கள். "குரல்?" "அது டப்பிங்ல பாத்துக்குவோம்மா."

கை அவருடையதில்லை, குரலும் அவருடையதில்லை. அப்படியென்றால் அந்த ஒரு நாளில் அவரிடமிருந்து எதைத்தான் வாங்கினார்கள்? முகத்தை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வயதில் முகங்கள் ஊரெல்லாம் கிடைக்கின்றன. சினிமா நாற்பது வருஷம் அந்த முகத்தின்மீது ஏற்றிவைத்த தாய்மையைத்தான் வாங்கினார்கள் என்பது என் வாசிப்பு. அதைத் தயாரித்தது அந்த அம்மாளின் உழைப்பு. விலை பேசப்பட்டதோ ஒரு நாள் கால்ஷீட்டுக்கு மட்டும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1941இல் லக்ஸ் சோப்புக்கு விளம்பரம் தந்த முதல் இந்திய நடிகை லீலா சிட்னிஸ். இன்றைய கர்நாடகத்தின் தார்வாட்டில் பிறந்தவர். அதே 1941இல் 'ஜூலா' படத்தில் அசோக் குமாருக்கு ஜோடி. 1948இல் 'ஷஹீத்' படத்தில் திலீப் குமாருக்கு அம்மா. 1951இல் 'ஆவாரா'வில் ராஜ் கபூருக்கு அம்மா. அசோக் குமாரோ 1958இல் 'ஹவுரா பிரிட்ஜ்' படத்தில் மதுபாலாவுக்கு ஜோடியாக நின்றுகொண்டிருந்தார். பத்தே வருஷத்தில் சோப்பு விளம்பர அழகி தாயாகிவிட்டார், கூட நடித்த கதாநாயகனுக்கு வயதே ஆகவில்லை.

நம் பக்கத்து உதாரணம் பண்டரிபாய். அவரும் கர்நாடகத்திலிருந்து வந்தவர். 1952இல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி. 1969இல் 'தெய்வமகன்' படத்தில் சிவாஜிக்கு மூன்று வேடம். அவற்றில் ஒருவருக்குப் பண்டரிபாய் மனைவி, மற்ற இருவருக்கும் அம்மா. ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரு உடல்களில் ஒன்றுக்குக் காலம் நிற்கிறது, மற்றொன்றுக்கு இரட்டை வேகத்தில் ஓடுகிறது. நாமும் டிக்கெட் வாங்கி இதை இயற்கை என்று நம்பினோம். 1957இல் வந்த 'மிதாலஜிஸ்' நூலில் ரொலாண் பார்த் தொன்மம் என்று சொன்னது இதைத்தான்: வரலாறு இயற்கையின் வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்பது. எதிரெதிராகப் பேசும் இரண்டு சோப்புத்தூள்களும் ஒரே யூனிலீவருடையவை என்பதையும் அதில் காட்டினார். லக்ஸும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

1976 ஜனவரி முதல் தூர்தர்ஷனில் விளம்பரங்கள் வரத் தொடங்கின. சினிமா இரண்டரை மணிநேரத்தில் கட்டிய அம்மாவைத் தொலைக்காட்சி அரை நிமிஷத்தில் செலவழித்தது. அம்மாவை அறிமுகப்படுத்த அதற்கு நேரமும் வேண்டாம், வசனமும் வேண்டாம். முகம் வந்தாலே போதும்.

ஆனால் இந்த அம்மாவுக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதை எல்லையோர ஊரான ஓசூரிலிருந்து பார்ப்பது பொருத்தம். சிப்காட் வந்த பிறகு இங்கே சரக்கும் ஆளும் மொழியும் தினமும் மாநிலம் தாண்டுகின்றன. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் கடிகாரத் தொழிற்சாலையை வைத்தது இங்கேதான். அதன் தனிஷ்க் நகைகளுக்கான ஆலையும் இங்கேதான். 2020 அக்டோபரில் அந்தத் தனிஷ்க்குக்கு ஒரு விளம்பரம் வந்தது. முஸ்லிம் மாமியார் ஒருவர் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறார். உங்கள் வீட்டில் இந்தச் சடங்கு கிடையாதே என்கிறாள் மருமகள். மகளைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது எல்லா வீட்டுச் சடங்கும்தானே என்கிறார் மாமியார். நகை விற்க எடுத்த படம்தான், புரட்சி ஒன்றுமில்லை. ஆனாலும் சில நாட்களிலேயே எதிர்ப்பு கிளம்பியது. ஊழியர்கள், கடைப் பணியாளர்கள் நலனைக் கருதி என்று சொல்லி நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

குழம்பு மோந்து பார்க்கிற அம்மாவுக்கு எதிராக யாரும் கொடி பிடித்ததில்லை. அதே அம்மா வேறு வீட்டுப் பெண்ணை மகள் என்று சொன்னதும்தான் பிரச்சினை வந்தது. அதாவது தாய்மை என்று நாம் கொண்டாடும் பிம்பம் தன் சாதிக்குள்ளும் தன் மதத்துக்குள்ளும் சமைத்துப் போடுகிற வரைக்கும்தான் புனிதம்.

இதைப் பிம்ப விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. 2023 ஏப்ரலில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஊத்தங்கரைப் பக்கம், தலித் பெண்ணைக் காதலித்து மணந்த ஒரு பையனை அவன் தந்தையே வெட்டிக் கொன்றார். தம்பதியைத் தன் வீட்டில் தங்கவைத்திருந்த பாட்டி குறுக்கே போனார். தந்தைக்கு அவர் பெற்ற தாய். அவரும் வெட்டிக் கொல்லப்பட்டார். மருமகள் பலத்த காயங்களோடு பிழைத்தாள். அம்மாவைத் தெய்வமாக்கிய தமிழ் சினிமாவைப் பற்றி நாம் எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டோம், நானும் எழுதியிருக்கிறேன். தெய்வம் தன் சொந்த விருப்பத்தோடு ஒரு காரியம் செய்தால் என்ன ஆகும் என்று அவற்றில் கேட்கவில்லை.

அன்று தேன்கனிக்கோட்டைச் சாலை வீட்டில் அந்தப் பையன் கேட்டது 'அம்மா மாதிரி' ஒரு சிரிப்பு. ஊத்தங்கரைப் பாட்டி யார் மாதிரியும் இல்லை. அதனால்தான் அந்த முகம் எந்த விளம்பரத்திலும் வராது.