வில்லா கதரின் நாவலும் தொலைக்காட்சித் திரையும்



எழுத்தாளர் ஒருவரின் இறுதி விருப்பம் அவரது படைப்பை எவ்வளவு காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம்? அமெரிக்க நாவலாசிரியை வில்லா கதர் 1913 இல் வெளியிட்ட 'ஓ பயனியர்ஸ்!' என்னும் நாவலின் வரலாறு இக்கேள்வியை எழுப்புகின்றது.

நெப்ராஸ்காவில் குடியேறிய சுவீடன் நாட்டுக் கமக்காரக் குடும்பமொன்றின் கதை இது. தந்தை ஜோன் பேர்க்சன் இறக்குந் தறுவாயில், 640 ஏக்கர் நிலத்தின் பொறுப்பை மூத்த மகள் அலெக்சாண்ட்ராவிடமே ஒப்படைக்கின்றார். வறட்சியினால் அயலவர் காணிகளை விற்று வெளியேற, அவளோ கடன்பட்டு மேலும் நிலம் வாங்குகின்றாள். நிலம் செழித்த பின்னர், குடும்பச் சொத்து ஆண்களுக்கே உரியதெனத் தம்பிமார் வாதிடுகின்றனர்.

தமது வேறொரு நாவலைத் தழுவி 1934 இல் வந்த திரைப்படம் கதருக்குப் பிடிக்கவில்லை. எனவே தம் படைப்புகளைத் திரைப்படமாகவோ, வானொலி, தொலைக்காட்சி நாடகமாகவோ ஆக்கலாகாதென மரணசாதனத்தில் விதித்தார். 1947 இல் காலமானார். எனினும், இந்நாவலின் 75 ஆண்டுப் பதிப்புரிமை 1988 முடிவில் காலாவதியாகவே, அத்தடை வலுவிழந்தது. 1992 இல் கிளென் ஜோர்டனின் நெறியாள்கையில், ஜெசிக்கா லாங் அலெக்சாண்ட்ராவாக நடிக்க, தொலைக்காட்சித் திரைப்படம் ஒளிபரப்பாகியது.

கதரின் அச்சம் நியாயமானதே. நாவலில் நிலமே முதன்மைப் பாத்திரம். திரையில் அது வெறும் பின்னணியாகிவிடலாம். ஆயினும் படத்தினால் நூலின் ஓர் எழுத்தேனும் மாறிவிடவில்லை. நிலம் யாருக்குரியது என்பது நாவலின் வினா. அதில் உழைத்தவளுக்கே என்பது நம் விடையானால், நூல் அதை விரும்பிப் படிப்போருக்கும் உரியதன்றோ?