வலப்பனையின் நிழல் மரங்கள்

ஆனி பிறந்ததும் தென்மேல் பருவக்காற்று இலங்கையின் மேற்கு மலைச்சரிவுகளில் மழையைச் சொரிகிறது. பிதுருதலாகலையைக் கடந்து வலப்பனைப் பக்கம் இறங்கும்போது, அக்காற்றில் ஈரம் எஞ்சுவது அரிது. அட்டனில் பெண்கள் மழையில் நனைந்து கொழுந்து கொய்யும் அதே நாட்களில், இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் உலர்காற்று வீசும். அக்காற்றே அங்குள்ள தேயிலைக்குத் தனிமணம் ஊட்டுகிறது. அளவு மிஞ்சினால் செடியை வாட்டுவதும் அதுவே. இவ்விரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது நிழல் மரம்.

இம்மலைகள் என்றும் மொட்டையாய் இருந்தவை அல்ல. காப்பிப் பயிருக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடர்ந்த காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் இலைத்துரு நோய் காப்பியைப் பற்றியது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறிற்று, போன காடு திரும்பவில்லை. வெயிலையும் காற்றையும் தடுக்க வேறு மரம் வேண்டியதாயிற்று.

அம்மரம் கடல் கடந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட கிரவிலியாவை மலையகத் தமிழர் ‘சவுக்கு’ என்றனர். தமிழ்நாட்டில் சவுக்கு என்றால் கடற்கரை மணலில் வளரும் வேறொரு மரம். ஊர் மாறியபோது பெயர் மட்டும் உடன் வந்தது. கிரவிலியாவின் வேர் ஆழச் செல்லும். இலையின் அடிப்புறம் வெள்ளிபோல் மின்னும். வறட்சியைத் தாங்கி உயர்ந்து, உதிரும் இலையால் மண்ணையும் மூடும். அதனுடன் முருக்கு இனத்தைச் சேர்ந்த மரங்களும் நடப்பட்டன. அவற்றை வெட்டிவிடும் தழை மண்ணுக்கு உரமாயிற்று. கவ்வாத்தில் விழும் கிளைகளோ லயத்து அடுப்புகளுக்கு விறகாயின.

1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது இந்நிழலே குற்றம் சாட்டப்பட்டது. ஈர இலையில் பரவும் அப்பூஞ்சணம் வெயில் படும் இடத்தில் தளர்வதால், உயர்ந்த மலைகளில் நிழல் குறைக்கப்பட்டது. அன்றைய இடுக்கண் அதனால் தணிந்தது. ஆனால் வறட்சிக்கு எதிரான அரண் மெலிந்தது. 1992ஆம் ஆண்டு வறட்சியில் நாட்டின் தேயிலை விளைச்சல் முந்திய ஆண்டின் ஏறக்குறைய 24 கோடி கிலோவிலிருந்து 18 கோடிக்கும் கீழே சரிந்தது. கொழுந்து குறைந்தால் கொய்பவரின் வேலை நாளும் குறையும்.

மழை மிகுந்த மலைக்கு ஏற்ற நிழல் வறண்ட சரிவுக்குப் போதாது. வறண்ட சரிவின் நிழல் மழை மலைக்கு மிகை. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். வளர்ப்பதற்குப் பல்லாண்டு வேண்டும். வலப்பனையின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.